ஃபாக்ஸ்ப்ரோவும் நம் அமானிதக் கணக்கும்

 

இந்த இதழின் பாடம் கணினியைப் பற்றியது. "கணினிக்கும் எங்களுக்கும் என்ன?" என்று பெரியவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் பெயரும் உங்கள் கடனும் எழுதப்பட்ட கணக்கைப் பற்றிய பாடம் இது. நாங்கள் செய்த ஒரு தவறையும் இதில் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

ஓர் எழுத்தால் வந்த தவிப்பு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு தாயார் தம் மகனுடன் நம் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய கணவர் 2003-ல் இரண்டு பேர் ஜாமீனில், கடைக்கு முதலாக 8,000 ரூபாய் வட்டியில்லாக் கடன் வாங்கியிருந்தார். இப்போது அவர் மவுத்தாகி, சொத்தைப் பாகம் பிரிக்கும் நேரம். பாகம் பிரிக்கும் முன் மவுத்தானவரின் கடனை அடைக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "அந்தக் கடன் அடைஞ்சுதா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க பாய். பாக்கி இருந்தா நாங்க கட்டிடறோம். அவர் பேர்ல நிக்கக் கூடாது" என்றார். வீட்டில் ரசீது இல்லை. ஜாமீன் போட்ட இருவரும் இப்போது இல்லை.

ஐந்து நிமிட வேலை என்று நினைத்து அவரை உட்காரச் சொன்னோம். பதில் சொல்ல நான்கு வாரம் ஆயிற்று.

1998 முதல் நம் கடன் கணக்கு ஃபாக்ஸ்ப்ரோ என்ற மென்பொருளில் எழுதிய ஒரு நிரலில் இருந்தது. கம்ப்யூட்டர் சென்டரில் படித்த நம் தம்பி ஒருவர் காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தது அது. 2002-ல் அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். நிரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. 2013-ல் புதுக் கணினி வாங்கியபோதும், பழைய கணக்கைப் பார்ப்பதற்கென்று பழைய பெட்டியை மூலையில் வைத்திருந்தோம். அந்தத் தாயார் வந்த அன்று அதை இயக்கிப் பார்த்தோம். திரை வரவில்லை. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார்.

2013-ல் எடுத்துவைத்த குறுந்தட்டு ஒன்று கிடைத்தது. அதிலிருந்த நிரலைப் புதுக் கணினியில் போட்டால், இந்தக் கணினியில் இது ஓடாது என்ற செய்திதான் வந்தது. கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர், நிரலை விட்டுவிட்டுக் கணக்குக் கோப்பை மட்டும் லிப்ரே ஆஃபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தார். அல்ஹம்துலில்லாஹ், திறந்தது. பெயர், தேதி, தொகை எல்லாம் இருந்தன. கடைசிக் கட்டத்தில், கடனின் நிலை என்ற இடத்தில், ஒற்றை எழுத்து மட்டும் இருந்தது: ஆர்.

ஆர் என்றால் என்ன? ரீபெய்டு என்றால் கடன் அடைந்துவிட்டது. ரினியூடு என்றால் தவணை நீட்டிக்கப்பட்டது, அதாவது பாக்கி நிற்கிறது. ஒரே எழுத்துக்கு இரண்டு பொருள். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். தவணை வரவுகள் இருந்த இரண்டாவது கோப்பு குறுந்தட்டில் ஏறவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ரசீதுப் புத்தகங்களின் அடித்தாள்களைக் கறையான் முன்பே தின்றுவிட்டது.

நிரல் எழுதிய தம்பிக்குப் போன் செய்தோம். "பாய், இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆர்னா ரீபெய்டுன்னுதான் போட்டிருப்பேன். ஆனா 2001-ல தவணை நீட்டிக்கிறதுக்கு ஒண்ணு சேர்க்கச் சொன்னீங்களே, அதுக்கு என்ன எழுத்து போட்டேன்னு ஞாபகமில்ல" என்றார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. எழுதி வாங்கிக்கொள்ளாதது நாங்கள்தான்.

கடைசியில் வழி திறந்தது காகிதத்தால்தான். மறைந்த நம் பொருளாளரின் வீட்டில், அவருடைய மனைவி ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த 2005-ஆம் ஆண்டு நாள்வழிப் புத்தகம் கிடைத்தது. அதில் அந்தச் சகோதரரின் பெயருக்கு நேராக, அவர் கையெழுத்திலேயே, "கடைசித் தவணை வரவு" என்று இருந்தது. கடன் அடைந்திருந்தது. அந்தத் தாயாருக்கு எழுத்திலேயே கொடுத்தோம். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அந்த நாள்வழி கிடைக்காமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? இந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது.

ஃபாக்ஸ்ப்ரோ எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் பணிபுரிந்த வெய்ன் ராட்லிஃப் என்பவர், 1970-களின் பிற்பகுதியில் தம் சொந்த முயற்சியில், பெயர்ப் பட்டியல்களையும் கணக்குகளையும் சேமித்துத் தேடித் தரும் ஒரு மென்பொருளை எழுதினார். முதலில் அதற்கு வல்கன் என்று பெயர். ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை எடுத்து டிபேஸ் இரண்டு என்ற பெயரில் விற்றது. டிபேஸ் ஒன்று என்று ஒன்று விற்பனைக்கு வரவே இல்லை. இரண்டாம் பதிப்பு என்றால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும் என்பது வியாபாரக் கணக்கு.

டிபேஸ் மொழியையே பேசும், ஆனால் அதைவிட வேகமாக ஓடும் மென்பொருளை அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் டேவ் ஃபுல்டன் என்பவரின் ஃபாக்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது. முதலில் ஃபாக்ஸ்பேஸ்; 1989-ல் ஃபாக்ஸ்ப்ரோ. இதற்கிடையே ஆஷ்டன்-டேட் 1988-ல் ஃபாக்ஸ் மீது வழக்குப் போட்டது. 1991-ல் அந்த ஆஷ்டன்-டேட்டையே போர்லாண்டு நிறுவனம் வாங்கிவிட்டது. 1992-ல் ஃபாக்ஸ் நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டின் கைக்குப் போயிற்று. டிபேஸ் குடும்பத்தில் இன்னொரு பிள்ளையான கிளிப்பரும் அதே ஆண்டு கைமாறியது. நான்கு ஆண்டுகளுக்குள் இத்தனை கைமாற்றம். தூரத்து ஊர்களில் இவற்றை நம்பிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

அதே 1990-களில்தான் நம் பக்கத்துப் பட்டணங்களில் தட்டச்சு நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சென்டர்களாயின. டாஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ, கோபால் என்று பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். அவற்றில் படித்த பிள்ளைகள் மருந்துக் கடைக்கும் அரிசி மண்டிக்கும் பட்டுக் கடைக்கும் நம்மைப் போன்ற அறக்கட்டளைகளுக்கும் ஃபாக்ஸ்ப்ரோவில் நிரல் எழுதிக் கொடுத்தார்கள். சின்னக் கணினி போதும், தனியாக சர்வர் வேண்டாம், ஆறு மாதப் படிப்பில் எழுதிவிடலாம். நல்ல கருவிதான் அது. குறை சொல்ல வரவில்லை.

கிராப், அட்டை, சேலை

கணினி படிக்காதவர்களும் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள, ஆரணிப் பக்கத்து மக்களான நமக்குத் தறியைவிட நல்ல உதாரணம் இல்லை.

பட்டுச் சேலையின் பார்டரிலும் முந்தானையிலும் வரும் புட்டாவை முதலில் கிராப் தாளில் கட்டம் கட்டமாக வரைகிறார்கள். அந்தத் தாளைப் பார்த்து அட்டையில் துளை போடுகிறார்கள். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், துளை சொல்கிறபடி பாவு ஏறி இறங்கும், ஊடை ஓடும், சேலை வரும். பிரான்சின் ஜக்கார்டு 1804-ல் செய்து காட்டிய இந்தத் துளை அட்டைதான், பின்னாளில் கணினிக்குத் துளை அட்டையில் கட்டளை தரும் யோசனைக்கே முன்னோடி.

நிரல் எழுதுபவர் முதலில் எழுதுவது கிராப் தாள். அதற்கு மூல நிரல் என்று பெயர். மனிதன் படித்துப் புரிந்துகொள்ளவும் மாற்றவும் கூடியது. அதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றினால் அதுதான் அட்டை. நம் அலுவலகக் கணினியில் இருந்தது அட்டை மட்டும். அந்த அட்டை நெய்து தந்த சேலைதான் நம் கணக்குக் கோப்பு. ஜக்கார்டு பெட்டியின் இடத்தில் இருப்பவை ஃபாக்ஸ்ப்ரோவும் அதைத் தாங்கும் டாஸ், விண்டோஸ் போன்றவையும்.

அட்டை மட்டும் கையில் இருந்து கிராப் தாள் இல்லையென்றால், பழைய புட்டாவையே நெய்துகொண்டிருக்கலாம். ஒரு மயிலை அன்னமாக மாற்ற முடியாது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, பழைய பில் நிரல் வைத்திருந்த கடைக்காரர்கள் நின்ற இடம் இதுதான். புது வரிக் கட்டங்களைச் சேர்க்க வேண்டும். சேர்க்க மூல நிரல் வேண்டும். மூல நிரல் எழுதியவரோடு போய்விட்டது. பெட்டியே உடைந்து, அந்த அளவு அட்டையை ஏற்கும் பெட்டி சந்தையில் இல்லையென்றால் பழைய புட்டாகூட வராது. எங்களுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது நிலை.

ஆனால் நெய்து முடித்த சேலை சேலைதான். பெட்டி உடைந்தாலும் அது மடியில் இருக்கும். நம் கணக்குக் கோப்பு திறந்ததற்குக் காரணம் இதுதான்.

கோப்பு எப்படித் திறந்தது?

டிபேஸ் காலத்திலிருந்து இந்தக் கோப்புகளுக்கு டிபிஎஃப் என்று பெயர். அதன் அமைப்பு எளியது; வெளியில் எல்லோருக்கும் தெரிந்தது. தொடக்கத்தில் 32 பைட் அளவில் ஒரு தலைப்பு: கோப்பின் வகை, கடைசியாக மாற்றிய தேதி, எத்தனை பதிவுகள் என்ற விவரங்கள். அடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் 32 பைட் விளக்கம். கட்டத்தின் பெயர் 10 எழுத்துக்கு மேல் போகாது. அதன்பின் சம நீளத்தில் வரிசையாகப் பதிவுகள். தேதி ஆண்டு, மாதம், நாள் என்று எட்டு இலக்கமாக நிற்கும்.

ஒவ்வொரு பதிவின் முதல் இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கும். பதிவை நீக்கச் சொன்னால் ஃபாக்ஸ்ப்ரோ உடனே அழிப்பதில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு நட்சத்திரக் குறி இடும், அவ்வளவுதான். பேக் என்ற கட்டளை கொடுத்தால்தான் உண்மையில் போகும். கணக்குப் பிள்ளைகள் தவறான வரியை அழிக்காமல் கோடு போட்டுவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார்களே, அதே ஒழுங்கு.

அமைப்பு வெளிப்படையாக இருந்ததால், ஃபாக்ஸ்ப்ரோ எழுதிய கோப்பை ஃபாக்ஸ்ப்ரோவைப் பார்த்தே இராத மென்பொருள்களும் இன்று படிக்கின்றன. லிப்ரே ஆஃபீஸ் படிக்கும். எக்செலும் திறக்கும், ஆனால் அந்த வடிவத்தில் சேமிக்கும் வசதியை 2007 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள்.

இப்படி எழுத்தெல்லாம் பிழைத்தது. எழுத்தின் பொருள் பிழைக்கவில்லை. ஆர் என்றால் என்ன என்பது கோப்பில் இல்லை. அது நிரலுக்குள் இருந்தது. உதவித்தொகைப் பட்டியலில் இன்னொரு விதமாக அடிபட்டோம். அதில் பெயர்களைத் தமிழிலேயே அடித்திருந்தோம். ஆனால் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நம் பிள்ளைகளின் பெயர்கள் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. இன்று போனில் அடிக்கும் தமிழ் எங்கும் தமிழாகவே தெரிவது இப்படிப்பட்ட பொதுத் தரத்தால்தான்.

ஏன் நின்றுபோனது?

மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ்ப்ரோவை உடனே கைவிட்டுவிடவில்லை. 1995-ல் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ வந்தது. 2004 டிசம்பரில் ஒன்பதாம் பதிப்பு. 2007 மார்ச்சில், பத்தாம் பதிப்பு வராது என்று அறிவித்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் நிரலாளர்கள் மாஸ்ஃபாக்ஸ்ப்ரோ என்ற பெயரில் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். தொடர்ந்து நடத்துங்கள், முடியாவிட்டால் மூல நிரலைப் பொதுவில் விடுங்கள் என்பது கோரிக்கை. சில துணைக் கருவிகளை மட்டும் பொதுவில் விட்டார்கள். மையப் பகுதியை விடவில்லை. 2015 ஜனவரி 13-உடன் கடைசி ஆதரவும் முடிந்தது.

ஒன்பதாம் பதிப்பு 32 பிட் மென்பொருள். இன்றைய விண்டோஸிலும் ஓடுகிறது. நம்முடையது அதற்கும் முந்தைய டாஸ் காலத்துப் பதிப்பு. 16 பிட் டாஸ் நிரல்களை ஓட்டும் பகுதி 64 பிட் விண்டோஸில் கிடையாது. விண்டோஸ் 10 வரை 32 பிட் வகையும் இருந்ததால் ஓர் ஒதுங்கும் இடம் இருந்தது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. யாரும் நம் நிரலைக் கெடுக்கவில்லை. அது நின்ற தரையை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் குனிந்து பார்க்கவில்லை.

மொழி வேறு, கடை வேறு

படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்.

கோபால் மொழி 1960 வாக்கில் பிறந்தது. ஃபாக்ஸ்ப்ரோவுக்குத் தாத்தா வயது. ஆனாலும் உலகத்தின் வங்கிகளில் இன்னும் ஓடுகிறது. காரணம், அதன் இலக்கணம் ஒரு குழு எழுதிய பொதுத் தரம். அந்த இலக்கணப்படி பல நிறுவனங்கள் மென்பொருள் செய்யலாம். ஒரு கடை மூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு ஒரே கடை. கடைக்காரர் கதவைச் சாத்தினால் மொழியே வீதியில் நிற்கும்.

சி பிளஸ் பிளஸ் இன்னொரு பாடம். போர்லாண்டின் டர்போ சி பிளஸ் பிளஸ் 1990-களின் தொடக்கத்தில் வந்தது. மொழிக்கு உலகத் தரம் வகுத்தது 1998-ல்தான். இந்தியக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் அதன்பிறகும் பல ஆண்டுகள் நீல நிற டர்போ திரைதான். அதில் பழகிய பிள்ளை இன்றைய மென்பொருளில் அதே வரிகளை அடித்தால் முதல் வரியிலேயே பிழை காட்டும். கடை மூடியது, மொழி வாழ்கிறது, கடையையே மொழி என்று நினைத்தவர் தடுமாறுகிறார்.

நம் பாடநூல்களிலேயே இரண்டையும் பார்க்கலாம். 2019-ல் வந்த தமிழக பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல் பைத்தான் கற்பிக்கிறது. பைத்தானின் மூல நிரல் பொதுவில் இருக்கிறது. எந்தக் கடையும் அதைப் பூட்ட முடியாது. அதே ஆண்டின் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பேஜ்மேக்கர் ஒரு பாடம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான ஏழாம் பதிப்பு வந்தது 2001-ல். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் இன்றும் அதில் வேலை நடக்கிறது என்பது உண்மை. அதைக் கற்பதில் தவறில்லை. ஆனால் எது பொதுவழி, எது ஒருவர் வீட்டு வாசல் என்று தெரிந்துகொண்டு கற்க வேண்டும்.

ஐம்பது வயதில் இருக்கும் நம் சகோதரர்கள் சிலர், "நாங்க படிச்ச ஃபாக்ஸ்ப்ரோ வீணாப் போச்சே" என்பார்கள். வீணாகவில்லை. கணக்கை அட்டவணைகளாகப் பிரிப்பது, ஒன்றோடொன்று இணைப்பது, அகரவரிசைச் சுட்டி அமைப்பது என்று அன்று கற்றவைதான் இன்றைய தரவுத்தளப் படிப்பின் அடிப்படை. எஸ்க்யூஎல் கேள்விகள் 1991-ன் ஃபாக்ஸ்ப்ரோவிலேயே இருந்தன. உட்கார்ந்தால் சில மாதங்களில் புதியதைப் பிடித்துவிடலாம்.

இனி என்ன வழி?

பழைய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கடைக்காரர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, அப்படியே ஓட்டுவது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் புதுக் கணினிக்குள் பழைய டாஸ் சூழலை உண்டாக்கித் தரும். அது முதன்மையாகப் பழைய விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. பழைய கணக்கைத் திறந்து பார்க்க உதவும். அன்றாட வரவு செலவுக்கு அதை நம்ப வேண்டாம்.

இரண்டாவது, மூல நிரல் கையில் இருந்தால், அந்த மொழியையே புதிய மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது. கிளிப்பர் நிரல்களுக்கு ஹார்பர், ஃபாக்ஸ்ப்ரோ நிரல்களுக்கு எக்ஸ்ஷார்ப் என்ற திறந்த மூலத் திட்டங்கள் இருக்கின்றன. சின்னச் சின்னத் திருத்தம் இல்லாமல் நடக்காது. தெரிந்த ஆள் வேண்டும்.

மூன்றாவது, கணக்கை எடுத்துக்கொண்டு வேறு மென்பொருளுக்குக் குடிபோவது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் சரி. இப்போது மாதச் சந்தாவில் இணையக் கணக்கு மென்பொருள்கள் வருகின்றன. நல்லவையும் உண்டு. ஆனால் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள்: "நாளைக்குச் சந்தாவை நிறுத்தினால் என் கணக்கு முழுவதும், எந்த மென்பொருளும் படிக்கும் வடிவத்தில், என் கைக்கு வருமா?" பதில் தெளிவாக இல்லையென்றால் இது இன்னொரு ஃபாக்ஸ்ப்ரோதான், வாடகை மட்டும் கூடுதல்.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம்தான் குர்ஆனின் மிக நீளமான வசனம். சாட்சிகளையும் சேர்த்துச் சொல்லும் வசனம் அது. எழுதினோம், கணினியிலும் எழுதினோம் என்று திருப்தியாக இருந்தோம். பின்னால் வருபவர் படிக்க முடியாதபடி எழுதியது பாதி எழுதியதுதான் என்பது இப்போது புரிகிறது. நிர்வாகக் குழுவில் வைத்து முடிவு செய்தவற்றை இங்கே தருகிறோம். கடை, சங்கம், பள்ளிவாசல் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

1. நிரல் யார் எழுதிக் கொடுத்தாலும், இலவசமாக எழுதினாலும், மூல நிரலையும் அதை மாற்றிக்கொள்ளும் அனுமதியையும் எழுத்தில் வாங்குகிறோம்.

2. கணக்கில் வரும் ஒவ்வொரு சுருக்கெழுத்துக்கும் பொருள் எழுதிய குறியீட்டுத் தாள் ஒன்று. கோப்போடு ஒரு பிரதி, சுவரில் ஒரு பிரதி. இனி ஒற்றை எழுத்தே வேண்டாம். "அடைந்தது", "நீட்டிப்பு", "தள்ளுபடி" என்று முழுச் சொல்லாகவே எழுதுகிறோம், யூனிகோடுத் தமிழில்.

3. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் சிஎஸ்வி என்ற எளிய எழுத்து வடிவில் எடுத்து இரண்டு இடங்களில் வைக்கிறோம். அதையே காகிதத்தில் அச்சிட்டு, தைத்து, இருவர் கையெழுத்திட்டுப் பீரோவில் வைக்கிறோம். பொருளாளரின் நாள்வழியும் கையால் தொடர்கிறது.

4. எடுத்துவைத்த பிரதியை ஆண்டுக்கு ஒருமுறை வேறொரு கணினியில் திறந்து, ஏதாவது மூன்று பெயர்களைத் தேடிப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்பியதால்தான் இரண்டாவது கோப்பு இல்லாதது 12 ஆண்டுகள் தெரியாமல் இருந்தது.

5. கணக்கு மென்பொருளைத் தெரிந்தவர்கள் எப்போதும் இருவராவது இருக்க வேண்டும். அதற்கான ஆதரவு என்று முடிகிறது என்ற தேதியும் ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும்.

ஒரு வேண்டுகோள்

அந்தப் பழைய கோப்பில் ஆர் என்ற எழுத்தோடு இன்னும் சில பெயர்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு நாள்வழியில் ஆதாரம் கிடைத்தது. சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் கவனக்குறைவால் வந்த சந்தேகத்தின் பாரத்தைக் கடன் வாங்கியவர் தலையிலோ அவருடைய யத்தீம் பிள்ளைகள் தலையிலோ வைப்பது நியாயமில்லை. எனவே ஆதாரமில்லாத இடத்தில் யார் பெயரிலும் பாக்கி என்று எழுதுவதில்லை என முடிவு செய்திருக்கிறோம். அந்தப் பெயர்களை யாரிடமும் சொல்லவும் மாட்டோம்.

அதே நேரம், அது ஏழைகளுக்காக நீங்கள் எல்லோரும் கொடுத்த பணம். 1998 முதல் 2013 வரை கடன் வாங்கி, பாக்கி நிற்பது தமக்கே தெரிந்தவர்கள் தயங்காமல் வரலாம். முடிந்த தவணையைப் பேசிக்கொள்ளலாம். முடியாத நிலை என்றால் அதையும் சொல்லலாம். அந்த ஆண்டுகளின் ரசீது யார் வீட்டிலாவது பழைய குடும்ப அட்டைக்குள்ளோ பெட்டிக்குள்ளோ இருந்தால் கொண்டுவாருங்கள். போட்டோ எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம். அந்த ஒரு துண்டுக் காகிதம் இன்னொரு குடும்பத்தின் நான்கு வாரத் தவிப்பைத் தீர்க்கக்கூடும்.

அன்று கோப்பைத் திறந்து கொடுத்த கல்லூரிப் பிள்ளை, விடுமுறை நாட்களில் நம் அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய கோப்புகளைப் புது வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். கூட இருந்து கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள், ஆணோ பெண்ணோ, பெற்றோருடன் வந்து பெயர் கொடுக்கலாம். கட்டணம் இல்லை.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை ஒப்படைத்தவர் கைக்கே தெளிவாகத் திருப்பித் தரும் ஆற்றலை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

செயலாளர்,
நிர்வாகக் குழுவுக்காக,
தேசூர்.